ஆத்துமா பற்றிய வினா: பாணந்துறை முதல் லின் டி சில்வா வரை

“நான்” என்று நிலையாக ஒன்று உண்டா? இவ்வினா தத்துவ வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. இலங்கைத் திருச்சபை வரலாற்றில் அது ஒருமுறை பெருந்திரளான மக்கள் முன்னிலையில் மேடையேறியது. நூறாண்டுகளுக்குப் பின், அதே மெதடிஸ்த மரபில் வந்த ஆயர் ஒருவரின் நூலில் வேறொரு விடையைப் பெற்றது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவது நம் ஆயர்பணிக்குப் பயன் தரும்.

1873ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 28 ஆகிய நாட்களில், கொழும்புக்குத் தெற்கே உள்ள பாணந்துறையில் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே விவாதம் நடைபெற்றது. பௌத்தர் சார்பில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர் பேசினார். கிறிஸ்தவர் சார்பில் முதலில் பேசியவர் வெஸ்லியன் சபைப் போதகர் டேவிட் டி சில்வா. அவர் எடுத்துக்கொண்ட முதற்பொருள் ஆத்துமாவே. மனிதன் ஐந்து கந்தங்களின் சேர்க்கை மட்டுமே என்பது பௌத்த போதனை. நம் மணிமேகலையும் அவற்றை ஐங்கந்தம் என எடுத்துரைக்கும். மரணத்தில் அவை யாவும் அழியுமாயின், பாவம் செய்தவன் ஒருவன், தண்டனை பெறுபவன் வேறொருவன் என்றாகுமே என்பது அவருடைய வாதம். மறுபிறப்படைபவன் முன்னவனே அல்லன், முற்றிலும் வேறானவனும் அல்லன் என்பது இதற்குப் பௌத்தர் கூறும் பண்டைய விடை. இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடரை மிலிந்த பஞ்ஹா இதற்கு உவமை காட்டுகிறது. முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆயினும் விளக்கு ஒன்றே.

கூடியிருந்த மக்கள் தேரரையே வெற்றியாளராகக் கொண்டாடினர். விவாதத்தின் ஆங்கில அறிக்கை கர்னல் ஆல்காட்டின் கைக்கு எட்டியது. அவர் 1880இல் இலங்கைக்கு வந்தார். பௌத்த மறுமலர்ச்சி வலுப்பெற்றது.

வென்றவர் யார் என்பதைவிட முக்கியமான வினா ஒன்றுண்டு. அம்மேடையில் நம்மவர் காத்து நின்றது நற்செய்தியையா? மனிதனுள் இயல்பாகவே அழியாத பொருள் ஒன்று குடியிருக்கிறது என்ற எண்ணம் கிரேக்க சிந்தனையில் வேரூன்றியது. திருமறையோ வேறு விதமாகப் பேசுகிறது. ஆதியாகமம் 2:7இல் நம் தமிழ் வேதாகமம் “ஜீவாத்துமா” என்று மொழிபெயர்க்கும் அதே எபிரேயச் சொற்றொடரை, 1:24இல் விலங்குகளைக் குறிக்கையில் “ஜீவஜந்துக்கள்” என்று பெயர்க்கிறது. ஒரே சொற்றொடர் மனிதனுக்கு வருகையில் ஆத்துமாவாயிற்று. விலங்குக்கு வருகையில் வெறும் உயிரினமாயிற்று. பௌத்தர் மறுத்த “ஆத்மன்” என்னும் சொல்லையே நாம் நம் விசுவாசத்தின் சொல்லாக ஏற்றுக்கொண்டோம். சாவாமை தேவன் ஒருவருக்கே உரியது என்று 1 தீமோத்தேயு 6:16 கூறுவதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆத்தும அழியாமையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலும் ஒன்றல்ல என்பதை ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில் வலியுறுத்தினார்.

இவ்வுண்மையைப் பௌத்தரோடு உரையாடும் களத்துக்குக் கொண்டுவந்தவர் அருள்திரு லின் டி சில்வா (1919–1982). மெதடிஸ்த ஆயரான அவர், பௌத்தத்திலும் கிறிஸ்தவத்திலும் ஆன்மா பற்றிய பிரச்சினையை ஆராய்ந்து 1975இல் ஒரு நூலை வெளியிட்டார். அனாத்த போதனையை அவர் எதிரியின் கொள்கையாகக் கருதவில்லை. திருமறையைத் தெளிவாக வாசிக்க உதவும் விளக்காகவே கண்டார். மனிதனிடம் தனக்கெனச் சொந்தமான அழியாப் பொருள் எதுவுமில்லை, அவன் மண்ணே. ஆயினும் ஆவியில் தேவனோடும் பிறரோடும் கொள்ளும் உறவிலேயே அவன் ஆளாகிறான். எனவே உயிர்த்தெழுதல் என்பது எஞ்சி நிற்கும் ஒன்றின் தொடர்ச்சியன்று, தேவனின் புதுப்படைப்பு.

இரு சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன என்று இதற்குப் பொருளில்லை. பௌத்தன் “நான்” என்ற பற்று அவிவதை நாடுகிறான். கிறிஸ்தவனோ பேர்சொல்லி அழைக்கப்படுவதை எதிர்நோக்குகிறான். ஆயினும் “நான்” என்பதைப் பிடித்து வைத்துக்கொள்ள இயலாது என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். தன் ஜீவனைக் காக்க விரும்புகிறவன் அதை இழப்பான் என்று நம் ஆண்டவரும் போதித்தாரல்லவா?

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. நினைவு முற்றும் அகன்று, பெற்ற பிள்ளைகளையும் தன் பெயரையும் அறியாத முதியவரின் படுக்கையருகே நாம் நிற்கிறோம். “அப்பா இன்னும் அப்பாதானா, ஐயரே?” என்று மகள் கேட்கிறாள். உள்ளே அழியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று நாம் விடை கூறினால், அது எங்கே என்று அவள் தேடித் தவிப்பாள். “அவர் தம்மை மறந்தார், தேவன் அவரை மறக்கவில்லை. அவர் யார் என்பது அவருடைய நினைவில் அன்று, தேவனின் நினைவிலேயே காக்கப்படுகிறது” என்று கூறுவோமாயின், அதுவே சுவிசேஷம். பாணந்துறையில் நாம் சொல்லத் தவறியதும் அதுவே.