பிஷர் புண் ஆறவே மாட்டேங்குதா? சிகரெட்டும் ஒரு காரணமாக இருக்கலாம்!

மலம் கழிக்கும்போது பிளேடால் கிழித்தது போல வலி, கூடவே கொஞ்சம் ரத்தம். பலரும் இதை மூலம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால், அது பிஷர் எனப்படும் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம்.

பிஷர் என்றால் என்ன?

ஆசனவாயின் உட்புறத் தோலில் ஏற்படும் சிறு கிழிசல்தான் பிஷர். இறுகிய மலத்தை முக்கி வெளியேற்றுவதே முக்கியக் காரணம். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். 6 முதல் 8 வாரங்களைத் தாண்டினால் அது நாள்பட்ட பிஷர்.

ஏன் ஆறுவதில்லை?

எந்தப் புண்ணும் ஆற ரத்த ஓட்டம் தேவை. பிஷர் அதிகம் வருவது ஆசனவாயின் பின்பக்க நடுப்பகுதியில். அங்கு இயல்பாகவே ரத்த ஓட்டம் குறைவு. வலியால் சுருக்குத் தசை இறுகும்போது அது இன்னும் குறைகிறது.

சிகரெட் என்ன செய்கிறது?

நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டில்டியாசெம், நைட்ரோகிளிசரின் போன்ற களிம்புகளை டாக்டர்கள் தருவதே தசையைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டத்தான். களிம்பும் தடவி, தம்மும் அடித்தால் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கும். குட்கா, மெல்லும் புகையிலையிலும் நிகோடின் உண்டு.

'தம் அடிச்சாதான் மோஷன் வருது' என்பவர்களுக்கு...

நிகோடின் குடலைத் தூண்டும் என்பது உண்மைதான். அதனால் சிகரெட்டை விட்ட முதல் சில வாரங்களில் மலச்சிக்கல் வரலாம். இதற்குப் பயந்து மறுபடியும் சிகரெட்டை எடுக்க வேண்டாம். தண்ணீர், கீரை, பழங்களை முன்கூட்டியே அதிகப்படுத்துங்கள். தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல் எடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடங்கள் உட்காருவது தசை இறுக்கத்தைக் குறைக்கும்.

ஆபரேஷன் என்றால்?

எந்த அறுவை சிகிச்சையானாலும், சுமார் 4 வாரங்களுக்கு முன்பே புகையை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தெரிவித்தது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ரத்தப்போக்கு அதிகமானாலோ, சீழ், காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு இருந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். மூலம் என்று நீங்களாகவே முடிவு செய்து மருந்து வாங்காதீர்கள்.

புகையை விட உதவி தேவையா? மத்திய அரசின் இலவச எண்: 1800 11 2356.