பிரமாணப் பத்திரத்தால் ஒரே மாதத்தில் பதவி விலகிய கேரள முதல்வர்: ராஜன் வழக்கின் பின்னணி

திருவனந்தபுரம்: நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் காரணமாக இந்தியாவில் ஒரு முதல்வர் பதவி விலக நேர்ந்ததற்கு, கேரளத்தின் கே.கருணாகரன் முக்கிய உதாரணம். 1977 மார்ச் 25-இல் பதவியேற்ற அவர், ஏப்ரல் 25-இல் ராஜிநாமா செய்தார். இத்தனைக்கும், அவரது அணி பேரவையின் 140 இடங்களில் 111-ஐக் கைப்பற்றியிருந்தது.

நெருக்கடி நிலை காலத்தில் சி.அச்சுத மேனன் அரசில் உள்துறை அமைச்சராக இருந்தவர் கருணாகரன். 1976 மார்ச் 1-ஆம் தேதி, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ராஜனை போலீஸார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் திரும்பவில்லை. அவரது தந்தையும் ஓய்வுபெற்ற ஹிந்தி பேராசிரியருமான டி.வி.ஈச்சர வாரியர், ஓராண்டு காலம் அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் முறையிட்டுப் பலனில்லை. நெருக்கடி நிலை விலக்கப்பட்டதும், கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்.

ராஜனைக் கைது செய்யவே இல்லை என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடு. கருணாகரனும் அவ்வாறே பிரமாணப் பத்திரம் அளித்தார். ஆனால், கல்லூரி முதல்வர், மாணவர்கள் உள்ளிட்டோரின் சாட்சியங்கள் அதற்கு நேர்மாறாக இருந்தன. நீதிபதிகள் பி.சுப்பிரமணியன் போற்றி, வி.காலித் அமர்வு 1977 ஏப்ரல் 13-இல் அளித்த தீர்ப்பில், ராஜன் காவலில் எடுக்கப்பட்டது உண்மையே எனக் கூறி, அவரை ஆஜர்படுத்த உத்தரவிட்டது. காவலிலேயே அவர் இறந்துவிட்டதைப் பின்னர் அரசு ஒப்புக்கொண்டது.

அடுத்து எழுந்தது பொய் சாட்சியப் பிரச்னை. அதற்காக வழக்குத் தொடர உயர்நீதிமன்றம் எடுத்த முடிவை எதிர்த்து கருணாகரன் செய்த மேல்முறையீட்டை, உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும், இது முதற்கட்ட முடிவுதான், குற்றம் நிரூபணமானதாகாது என்றும் தெளிவுபடுத்தியது. அக்குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆக, பதவி பறிபோனது தண்டனையால் அல்ல. நீதிமன்றம் நம்ப மறுத்ததால்தான்.

பொய் சாட்சியம் அளிப்பது இந்திய தண்டனைச் சட்டம் 193-ஆவது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது. தற்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது. ஆயினும், முதல்வரை நீக்க அரசமைப்புச் சட்டத்தில் பதவிநீக்கத் தீர்மானம் என எதுவும் இல்லை. பேரவையின் நம்பிக்கையே அவருக்கு ஆதாரம். குடியரசுத் தலைவருக்கு மட்டும் 61-ஆவது பிரிவு அத்தகைய நடைமுறையை வகுத்துள்ளது. அதுவும் இதுவரை பயன்படுத்தப்பட்டதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. உறுதிமொழிக்குப் பின் பொய் சொன்னதாக அதிபர் பில் கிளிண்டன் மீது 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டியது. 1999 பிப்ரவரியில் செனட் சபையில் அக்குற்றச்சாட்டுக்கு ஆதரவாக 45, எதிராக 55 வாக்குகள் பதிவாகின. அவர் பதவியில் நீடித்தார்.

கருணாகரன் 1981-இல் மீண்டும் முதல்வரானார். 1995 வரை வெவ்வேறு காலகட்டங்களில் அப்பதவியை வகித்தார். ஈச்சர வாரியர் 2006-இல் காலமானார். ராஜனின் உடல் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை.