ஒழுக்கும் ஒழுக்கமும்: பழுதுபார்ப்பின் எழுதப்படாத வரலாறு

1

இயந்திரங்களின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறந்தநாள்களின் பட்டியல்தான். 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்பது அதன் முதல் வேலை. பிறகு லேலண்டோடு ஒப்பந்தம், 1955இல் அசோக் லேலண்ட் என்ற பெயர். 1954இல் டாடாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் கைகோத்தன. 1969இல் அந்தக் கூட்டு முடிந்தது. இந்தத் தேதிகளை ஐந்தாண்டுத் திட்டங்களின் வரிசையில் அடுக்கிவிட்டால் 'தேசிய வளர்ச்சி' என்கிற பெருங்கதையாடல் தயார்.

ஒரு லாரி தொழிற்சாலைக்குள் இருப்பது சில நாட்கள். அதன்பின் இருபது, முப்பது வருஷம் அது ரோட்டிலும் பட்டறையிலும்தான் இருக்கிறது. 1969க்குப் பிறகும் நம்மூர் டிரைவர்கள் வெகுகாலம் 'டாட்டா பென்ஸ்' என்றே சொல்லிவந்தார்கள். ஒப்பந்தம் காலாவதியானதை அவர்கள் அறியாததல்ல காரணம். அவர்களுடைய கையில் இருந்த எஞ்சின் காலாவதியாகவில்லை என்பதுதான்.

டேவிட் எட்ஜெர்டன் 2006இல் வெளியிட்ட நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளிலிருந்து பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் திருப்ப வேண்டும் என்று வாதிட்டார். அதற்கு எண்பது வருஷம் முன்பே, 1926இல், ஆல்ஃபிரட் ஸோன்-ரெதல் நேப்பிள்ஸ் நகரத்து மக்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்: அவர்களுக்கு ஓர் இயந்திரம் கெட்டுப்போன பிறகுதான் உண்மையில் சொந்தமாகிறது என்பது அதன் சாரம். இவை ஐரோப்பியர் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டிய விஷயங்களல்ல. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பகுதி லாரிப் பட்டறைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருவது இதுதான். ஆனால் நாம் எழுதவில்லை. பழுதுகளில் மிகச் சாதாரணமான ஒன்றை, அதாவது பழைய டீசல் லாரியின் எஞ்சினிலிருந்து ஆயில் ஒழுகுவதை, ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

2

எஞ்சினின் அடிவயிற்றில் கிராங்கு சுற்றுகிறது. ஆயில் பம்பு அழுத்தித் தள்ளும் ஆயில் மெயின் பேரிங்குகளை நனைத்துவிட்டுக் கீழே சேம்பருக்குத் திரும்ப வேண்டும். ஆனால் கிராங்கின் பின்நுனி எஞ்சின் சுவரைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும். அங்கேதான் பிளைவீல், கிளச், கியர் பாக்ஸ் எல்லாம். சுற்றுகிற தண்டு, நிற்கிற சுவர், நடுவே மயிரிழை இடைவெளி. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கவேண்டும் என்பதற்கு அந்த இடத்தில் ஒரு 'சீல்'. எஞ்சினின் எல்லைக்கோடு அதுதான்.

எல்லை உடைந்தால் ஆயில் எங்கே தெரியும் என்பது வேறு கேள்வி. ஓடுகிற வண்டியில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மேலே டேப்பட் கவர் பேக்கிங் போயிருந்தாலும் அது வழிந்து வந்து பின்பக்கம்தான் சொட்டும். கியர் பாக்ஸின் முன் சீல் போயிருந்தாலும் அதே இடத்தில்தான் சொட்டும். ஆகவே மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்கிறார். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, பிசுபிசுப்பும் வேறு. விரலில் நீர்த்துத் தெரிந்தால் டீசல் கலந்திருக்கலாம். பிறகு எஞ்சினை டீசலால் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காயவிட்டு, ஓடவிட்டுப் பார்க்கிறார். சந்தேகமான இடத்தில் சாக்பீஸ் பொடியோ முகப்பவுடரோ தூவினால், முதலில் ஈரமாகிற இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சோதனை மேலும் நுட்பமானது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது. அங்கே விட்டுவிட்டுப் புகை அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். மேலே எரிகிற வாயு பிஸ்டனைத் தாண்டிச் சேம்பருக்குள் இறங்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் பிரீதர் என்கிற மூச்சுக்குழாய். அது அடைபட்டிருந்தால் அழுத்தம் பலவீனமான கதவைத் தேடும். சீல்தான் அந்தக் கதவு. 'சீல் மாத்தறது வேலையில்லீங்க, அது ஏன் போச்சுன்னு பாக்கறதுதான் வேலை' என்று பட்டறையில் சொல்வது இதனால்தான். காரியம் ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே நேரடி உறவு இல்லை என்று நாம் மொழியியலில் படித்ததைக் கறுத்த விரல்கள் வேறு வழியில் தெரிந்துவைத்திருக்கின்றன.

பிறகுதான் இறக்கும் வேலை. கியர் பாக்ஸை ஜாக்கி கொடுத்து இறக்கி, பிரஷர் பிளேட்டையும் கிளச் பிளேட்டையும் கழற்றி, தனியாள் தூக்க முடியாத பிளைவீலை எடுக்க வேண்டும். பழைய சீலின் உதடு வருஷக்கணக்கில் உரசி உரசித் தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதை நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் லேசானால் உப்புத்தாள். கொஞ்சம் ஆழமானால் புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடித்து, உதடு தேயாத இடத்தில் உட்காரும்படி செய்வார்கள். அதற்கும் மிஞ்சினால் லேத் பட்டறை. கிராங்கைக் கடப்பாரையால் நெம்பி ஆட்டம் பார்ப்பதும் உண்டு. பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால், எத்தனை புதுச் சீல் போட்டாலும் சில லோடுக்கு மேல் தாங்காது.

3

இந்த எல்லைக்கோடு எதனால் செய்யப்பட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய எஞ்சின்கள் பலவற்றில் அது கிராஃபைட் ஏற்றிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. இரண்டு துண்டு; ஒன்று பேரிங் மூடியில், மற்றது கிராங்குக்கு மேலே. முறைப்படி மாற்ற எஞ்சினையே இறக்கிக் கிராங்கைத் தூக்க வேண்டும். வண்டி நின்றாலும் தவணை நிற்காது என்பதால், சேம்பரை மட்டும் கழற்றி, மேல் துண்டைக் கம்பி கோத்து இழுத்து உள்ளே நுழைக்கும் வித்தை வந்தது. மூட்டுகளில் தடவ ஷெல்லாக். ஸ்பிரிட்டில் கரைத்த நம்முடைய பழைய அரக்குதான் அது. பாரதக் கதையில் மாளிகை கட்டிய அதே பொருள். ஐரோப்பிய எஞ்சினின் வாயை அடைத்தது இந்திய மரங்களில் பூச்சி கட்டிய பிசின். பிறகு ரப்பர் உதடு வைத்த சீல் வந்தது, சிலிக்கான் பசைக் குழாய் வந்தது.

இந்த மாற்றங்கள் நேர்க்கோட்டில் நடக்கவில்லை. 1991 வரை இறக்குமதி உரிமத்தின் பிடியில் அசல் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்காத காலத்தில், புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளும் உள்ளூர் லேத்துகளும்தான் இணைத் தொழிற்சாலைகளாக இருந்தன. ஒரே எஞ்சினில் கயிறும் ரப்பரும் அரக்கும் சிலிக்கானும் வெவ்வேறு மூட்டுகளில் இருப்பதை நாம் காணலாம். காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. நம் நவீனத்துவத்தின் உண்மையான தோற்றம் இதுவாக இருக்கலாம்.

4

பட்டறைத் தமிழில் ஆயில் 'கசியுது', 'சொட்டுது', 'ஒழுகுது', 'அடிக்குது' என்பவை ஒரே பொருள் தரும் சொற்களல்ல. கசிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். சொட்டினால் கேன் வைத்துக்கொண்டு போகலாம். ஒழுகினால் இந்த லோடு முடிந்ததும் இறக்க வேண்டும். அடித்தால் இங்கேயே நிறுத்த வேண்டும். அளவுகோல் முழுதும் வினைச்சொற்களில் இருக்கிறது. எஞ்சினே எரித்துவிட்டால் அது ஒழுக்கில் சேராது. 'ஆயில் தின்னுது' என்பார்கள்.

1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் கலைச்சொல் ஆக்கத்துக்காகச் சங்கம் அமைத்தார்கள். பின்னாளில் லாரித் தொழில் செழித்த சங்ககிரி அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். ஆனால் கலைச்சொல் மரபு பாடப்புத்தகத்தை நோக்கியே நடந்தது. பட்டறையின் பெயர்ச்சொற்கள் இங்கிலீஷ் என்பதால் அங்கே தமிழே இல்லை என்று முடிவு கட்டினோம். வினைகளைக் கேட்கவில்லை.

'ஒழுகு' என்ற வேருக்கே போவோம். நீர் ஒழுகுவதும் மனிதர் ஒழுகுவதும் தமிழில் ஒரே வினை. ஒழுக்கு என்றால் கசிவு, ஒழுக்கம் என்றால் நடத்தை. குறளில் ஓர் அதிகாரமே அதன் பெயரில் உண்டு. இது வெறும் சொல் விளையாட்டல்ல. ஒழுகுகிற வண்டியைப் போக விடலாமா என்பது பட்டறையில் ஒவ்வொரு நாளும் எழும் அறக் கேள்வி. ஆயில் மட்டம் இறங்கினால் பேரிங் பிடித்துக் கிராங்கே போய்விடும், அது முதலாளியின் நஷ்டம். கிளச் பிளேட் நனைந்து தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வழுக்கினால் அது டிரைவரின் உயிர். ரோட்டில் சிந்தினால் பின்னால் பைக்கில் வரும் முகமறியாத ஒருவரின் உயிர். 'ஒரு லோடு போயிட்டு வந்து பாத்துக்கலாங்க' என்று உரிமையாளர் சொல்லும்போது மெக்கானிக் தலையாட்டுவதா மறுப்பதா என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

5

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. 'நாட்டார் அறிவு' என்று கொண்டாடிவிட்டு நகர்வது நம் அறிவுஜீவிகளுக்குச் சுலபம். இந்த அறிவு கைமாறிய விதம் என்ன? பள்ளியில் இருக்கவேண்டிய பையன்கள் எடுபிடிகளாக வந்து, டீ வாங்கி, திட்டு வாங்கி, கழுவிக் கழுவிக் கற்றார்கள். 1986 சட்டம் வந்த பின்னும் அது சட்டென்று நிற்கவில்லை. கிளச் பிளேட்டின் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைக் காற்றடித்து ஊதியபோது அது யாருடைய நுரையீரலுக்குப் போயிற்று? பழைய ஆயில் எவர் தோலில் ஊறியது? கையில் கறை படியும் வேலையைத் தாழ்வாகவும், அதே வேலையைப் பற்றிக் காகிதத்தில் எழுதுவதை உயர்வாகவும் வைத்த சாதிச் சமூகத்தின் கண்தான் இந்த அறிவை அறிவாகப் பார்க்கவில்லை. எழுதாமல் விட்டதும் ஓர் அதிகாரச் செயல்தான்.

6

2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதிகள் அமலுக்கு வந்தன. இன்றைய எஞ்சினின் நோயை விரலும் மூக்கும் மட்டும் அறிய முடியாது; கணினியைச் செருக வேண்டும், கணினியின் திறவுகோல் கம்பெனியிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை தொடங்கிவைக்கப்பட்டது. கரும்புகை குறைவது நல்லதுதான். அதை எதிர்த்து வாதாட எதுவுமில்லை. ஆனால் லாரியை உடைக்கும்போது இரும்புக்கு எடைபோட்டு விலை தருகிறார்கள். அந்த லாரியை முப்பது வருஷம் ஓடவைத்த வாசிப்புக்கு எந்தத் தராசும் இல்லை.

கயிற்றுச் சீலைக் கம்பியால் இழுத்து நுழைக்கத் தெரிந்தவர்கள் இப்போது முதியவர்கள். தமிழ் படித்த நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஓலைச்சுவடிக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோவது; வினைச்சொற்களை, கருவிகளின் பெயர்களை, சோதிக்கும் முறைகளை, தோற்ற வேலைகளையும் சேர்த்து, அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல எழுதிவைப்பது. அதில் எழுதுகிறவரின் பெயருக்கு முன்னால் சொன்னவரின் பெயர் வரவேண்டும்.