பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பும் பணியிடப் பங்கும்

ஓர் ஊரின் மக்கட்கூட்டத்தை அவ்வூர்ப் பணியிடங்கள் எவ்வளவு காட்டுகின்றன என்பதைத் தலைக்கணக்கு ஒன்றால் அளந்துவிட இயலாது. எப்பணியில் யாவர் அமர்ந்தனர் என்பதும் நோக்கற்பாலது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1963-இல் நிகழ்ந்த பேருந்துப் புறக்கணிப்பு இதற்குத் தக்க சான்றாம்.

1960-களின் தொடக்கத்தில் அந்நகரில் மேற்கிந்தியத் தீவினர் ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்தனர். பிரிஸ்டல் ஆம்னிபஸ் நிறுவனத்தின் பட்டறையிலும் உணவுக்கூடத்திலும் வெள்ளையரல்லாதார் பணிபுரிந்தனர். ஆயினும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ அவர்கள் அமர்த்தப்பட்டிலர். ஆட்குறை இருந்தும் இத்தடை நீடித்தது. நிறுவனத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. போக்குவரத்துத் தொழிற்சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவினர் 1955-இலேயே இத்தடையை வேண்டித் தீர்மானம் இயற்றியிருந்தனர். மிகைநேர ஊதியம் குறையுமென்னும் அச்சமும் நிறவெறுப்பும் ஈண்டு ஒருங்கே தொழிற்பட்டன.

கை பெய்லி என்னும் இளைஞர்க்கு உறுதிசெய்யப்பெற்ற நேர்காணல், அவர் மேற்கிந்தியர் என அறிந்ததும் கைவிடப்பட்டது. ராய் ஹாக்கெட், பால் ஸ்டீபன்சன் முதலியோர் ஏப்ரல் இறுதியில் புறக்கணிப்பைத் தொடங்கினர். ஆகஸ்டு 28-இல் தடை நீங்கிற்று. செப்டம்பர் 17-இல் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகப் பணியேற்றவர் மேற்கிந்தியரல்லர். இரக்பீர் சிங் என்னும் சீக்கியர். ஒரு சாரார் தட்டிய கதவு பிறர்க்கும் திறந்தது.

இனவுறவுச் சட்டம் 1965-இல் பொதுவிடங்களையே தழுவிற்று. வேலைவாய்ப்பு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தாற்றான் அதனுள் அடங்கிற்று. அத்தொழிற்சங்கத்தின் வழிவந்த சங்கம் 2013-இல் மன்னிப்புக் கோரியது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், ஊரார் கண்ணுக்குத் தெரியாத பட்டறையிற் கிடைத்த இடம், ஊரார் கையிற் சீட்டுக் கொடுக்கும் இடத்திற்கு ஈடாகாது என்பதாம்.