யாரைப் பின்தொடரலாம்? ஒரு வரலாற்று வாத்தியாரின் நீளமான பதில்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பேச்சுவாக்கில், "சார், பையன் எந்நேரமும் போனும் கையுமா இருக்கான். பார்க்காதேன்னா கேக்க மாட்டேங்கிறான். பார்க்கிறதுதான் பார்க்கிறான், நல்ல யூடியூப்காரங்க நாலு பேர் பேரைச் சொல்லுங்க" என்றார்.

பேர் சொல்வது சுலபம். ஆனால் ஆயுள் முழுக்க வரலாறு நடத்தியவன் வரலாற்றிலிருந்துதானே ஆரம்பிப்பான்? பொறுமையாகப் படியுங்கள்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றுவது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்ததல்ல. கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் (1911–1983) ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937இல் அட்லாண்டிக் கடலில் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பல நாடுகளில் அலைந்து, ஏறக்குறைய நூறு பேர் வெவ்வேறு காலங்களில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதைத் தொகுத்து 1940இல், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இவ்வளவு செய்தவர் தன்னைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ள மாட்டார்.

அந்தக் காலத்தில் ஊருக்கே கேட்கும்படி பேசும் வாய்ப்பு மிகச் சிலருக்குத்தான். 1924இல் சென்னையில் ஒரு வானொலிக் கிளப் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் மூடிவிட்டார்கள். அதன் கருவியை வைத்து 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி, 1993இல் சன் டிவி. எல்லாவற்றிலும் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு நிலையம் இருந்தது. என்ன பேசலாம் என்பதை அங்கே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அதில் கெடுதலும் உண்டு, காவலும் உண்டு.

2005 ஏப்ரல் 23ஆம் தேதி ஒரு இளைஞர் அமெரிக்க மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று 19 விநாடி பேசிய காணொளிதான் யூடியூபில் ஏறிய முதல் படம். 2008இல் இந்தியாவுக்கென்று யூடியூப் தளம் வந்தது. ஆனாலும் டேட்டா விலை அதிகம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான், ஷிப்டு முடிந்து டீக்கடையில் உட்காருகிற தொழிலாளி கையிலும் படம் ஓட ஆரம்பித்தது.

அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். மகன் படம் பிடிக்க, அப்பா சமைக்க, 'டாடி' ஆறுமுகம் பிரபலமானார். 2018இல் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் அதுதான். கொரோனா நிவாரணத்துக்கு முதலமைச்சர் நிதியில் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். எந்த நிலையத்தின் வாசலிலும் நிற்காமல் இவ்வளவு தூரம் வந்தார்கள். இதை ஒரு சமூக மாற்றம் என்றுதான் சொல்வேன்.

இனி சொல்லப்போவது என் தவறு.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. அதில் ஒன்று எனக்கும் வந்தது. மனம் பதறி, "நம் ஊரிலா இப்படி? வெட்கம்" என்று எழுதி பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் இதே மாணவர் போன் செய்தார். "சார், இது யார் எடுத்தது, எங்க எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு கேக்கச் சொல்லி நீங்கதானே பாடம் நடத்தினீங்க? எங்க ஷெட்டுல ரெண்டு பீகார் பசங்க சம்பளம்கூட வாங்காம ரயிலேறிட்டாங்க. வீட்லருந்து அம்மா அழுது போன் பண்ணுதாம்."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பரவிய இரண்டு காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்ட சண்டை. மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அது ஹோலிக்கு ஊர் போகும் சமயம். ரயில் நிலையத்தில் எப்போதும் இருக்கும் கூட்டத்தையே "தப்பி ஓடுகிறார்கள்" என்று காட்டினார்கள். வதந்தி பரப்பியதாகப் பீகார் யூடியூபர் ஒருவரே கைதாகித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அந்த இரண்டு பையன்களில் ஒருவர் ஏப்ரலில் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவே இல்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்திலும், பிறகு வில்லியம் கிங்குடன் சேர்ந்து நம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். கிடைத்த இடத்தையும் மண்ணடுக்கையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதே இடத்துக்குப் போய்த் தோண்ட முடிந்தது. அங்கே கிடைத்த பழைய கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத கல்லை வைத்து வரலாறு எழுத முடியாது. எங்கே எடுத்தது என்று தெரியாத காணொளியும் அப்படித்தான்.

ஆகவே மாணவரின் பையனுக்கு நான் சொன்னது இது. ஒருவரைப் பின்தொடரும் முன் மூன்று கேள்வி கேள். ஒன்று, அவர் அங்கே போனாரா, செய்து பார்த்தாரா, இல்லை யாரோ சொன்னதைச் சொல்கிறாரா? இரண்டு, எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்கிறாரா? மூன்று, தப்பானால் அடுத்த காணொளியில் ஒப்புக்கொள்கிறாரா?

பேரும் சொன்னேன். பொறியியல் கற்க பிரேமானந்தின் எல்.எம்.இ.எஸ். அறிவியலுக்கு மிஸ்டர் ஜி.கே. ஊர் உலகம் பார்க்க தமிழ் டிரெக்கர். மனசு சோர்ந்தால் வில்லேஜ் குக்கிங் தாத்தா. இவர்களிடமும் அந்த மூன்று கேள்வியைக் கேள், என்னிடமும் கேள் என்றேன்.

அன்று குழுவில் போட்டதை உடனே அழித்தேன். அழித்தால் மட்டும் போதாது என்று, "நான் போட்டது தவறு, மன்னியுங்கள்" என்றும் எழுதினேன். முப்பது பேர் பார்த்ததை மூன்று பேருக்கு அனுப்பியிருந்தால்கூட அது எங்கெல்லாம் போயிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைப் பூண்டி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன். போனும் கொண்டு வருவான். கற்கருவிகளைப் படம் எடுக்கட்டும். தேதியும் இடமும் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.