பச்சைப் புல்லில் ஒரு பட்டினி!

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சைப் புல். பக்கத்திலேயே கடல். ஒரு செம்மறி ஆட்டுக்கு இதைவிட வேறென்ன சொர்க்கம் வேண்டும்? தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்துக்கு 19-ம் நூற்றாண்டில் மந்தைகளை ஓட்டி வந்த வெள்ளைக்காரக் குடியேறிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சில மாதங்கள்தான்... ஆடுகள் இளைக்க ஆரம்பித்தன. கண்களில் நீர் வடிந்தது. ரத்தம் சுண்டிப் போயிற்று. சுற்றிலும் புல் மண்டிக் கிடக்க, நடுவில் எலும்பும் தோலுமாகச் சுருண்டு விழுந்து செத்தன!

இதில் ஒரு விசித்திரம். சாகக் கிடக்கும் ஆட்டை உள்நாட்டுப் பக்கம் ஓட்டிப்போய்ச் சில வாரங்கள் மேயவிட்டால், மருந்தே இல்லாமல் தேறிவிடும். திரும்பக் கடலோரத்துக்குக் கொண்டுவந்தால் பழைய கதைதான். இதற்குக் 'கடலோர நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஸ்காட்லாந்து மலைகளிலும் இதே கதை உண்டு. அங்கே மேய்ப்பர்கள் வைத்த பெயர் 'பைனிங்'. ஏங்கி ஏங்கி இளைப்பது என்று அர்த்தம்! நியூஸிலாந்தின் எரிமலைச் சாம்பல் படிந்த நிலங்களில் அதே வியாதிக்குப் 'புஷ் சிக்னெஸ்' என்று பெயர். ஆடு, மாடு எதுவும் தாக்குப்பிடிக்காத அந்த நிலங்களில் பெரும் பரப்பைக் கடைசியில் பைன் மரக் காடாக்கிவிட்டார்கள்.

தொற்றுநோயா? விஷச் செடியா? ஆளுக்கொரு யூகம். நியூஸிலாந்து வேதியியலாளர் பெர்னார்ட் ஆஸ்டன், இரும்புச் சத்துக் குறைவுதான் காரணம் என்றார். 'லிமோனைட்' என்கிற இரும்புத் தாதுவைப் பொடித்துக் கொடுத்தார்கள். நிஜமாகவே தேறின! ஆனால், ஓர் இடத்து லிமோனைட் பிரமாதமாக வேலை செய்யும். இன்னோர் இடத்து லிமோனைட் சுத்த வேஸ்ட். இரண்டிலும் இரும்பு இருக்கிறதே... பிறகு ஏன்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குறும்பாக ஒரு காரியம் செய்தார்கள். லிமோனைட்டிலிருந்து இரும்பை மொத்தமாக நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் குணமாயிற்று! ஆக, இத்தனை வருஷமாக மருந்து சரி... காரணம்தான் தப்பு. இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்த 'யாரோ ஒருவர்'தான் வைத்தியர்!

அந்த மிச்சத்தைப் பிரித்துப் பிரித்துச் சோதித்து, 1935-ல் ஆளைப் பிடித்தார்கள். அவர் பெயர் கோபால்ட். அதே சமயம், அடிலெய்டில் ஹெட்லி மார்ஸ்டன் குழுவினரும் வேறு வழியில் அதே கோபால்ட்டில் வந்து நின்றார்கள். (கடலோர நோய்க்குக் கோபால்ட்டோடு தாமிரமும் குறை என்பது பிறகு தெரிந்தது.)

'கோபால்ட்' என்ற பெயரே ஜெர்மனியில் சுரங்கத் தொழிலாளிகள் திட்டிய திட்டு! வெள்ளி என்று நம்பி வெட்டியெடுத்த தாதுவை உருக்கினால், வெள்ளி வராமல் விஷப்புகை வந்தது. 'இது குட்டிச்சாத்தான் வேலை' என்று, அந்தச் சாத்தானின் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தக் குட்டிச்சாத்தான்தான் ஆடுகளுக்குத் தெய்வமாக வந்தது.

எவ்வளவு தேவை தெரியுமா? ஓர் ஆட்டுக்குத் தினமும் 0.1 மில்லிகிராம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் கோபால்ட் 27 வருஷத்துக்குப் போதும். பொதுவாக ஆடுகள் அத்தனை காலம் வாழ்வதில்லை! இந்தத் துளிக்காகத்தான் மந்தை மந்தையாகச் செத்துக்கொண்டிருந்தன.

அந்தத் துளி என்ன செய்கிறது? பதில் 1948-ல் வந்தது, மனித வைத்தியத்திலிருந்து. 'பெர்னிஷியஸ் அனீமியா' என்ற கொடிய ரத்தச் சோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்தால் குணமாகும் என்று 1926-லேயே அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஈரலில் ஒளிந்திருந்த அந்த மருந்தை 1948-ல் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வைட்டமின் பி12. அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது, கோபால்ட்! ஆட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டை வைத்துத்தான் பி12 தயாரிக்கின்றன. மண்ணில் கோபால்ட் இல்லையென்றால், வயிறு நிறைந்தாலும் பட்டினிதான்.

சரி, ஆட்டுக்கு எது குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்த்தால் போதாது. குடல்புழு இருந்தாலும் ஆடு இளைக்கும். ரத்தத்தைச் சோதிக்கலாம். ஆனால், ரத்தமும் சில சமயம் பொய் சொல்லும்! தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரல்தான் அதன் சேமிப்புக் கணக்கு, ரத்தம் வெறும் மணிபர்ஸ். கணக்கு கிட்டத்தட்டக் காலியாகும்வரை பர்ஸில் பணம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஈரலையும் சோதிக்கிறார்கள். 'எதற்கு வம்பு, கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடுவோம்' என்றும் இருக்க முடியாது. தாமிரம் அதிகமானால், அதுவே செம்மறி ஆட்டுக்கு எமன்!

புல் மறைத்ததை ஆட்டின் உடம்பு சொன்னது. ஓர் அரசாங்கம் மறைத்ததையும் அது பின்னாளில் சொல்ல வேண்டி வந்தது.

1956. பிரிட்டன் தன் அணுகுண்டுகளை ஆஸ்திரேலியாவில் வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தது. 'மக்களுக்கு ஆபத்தில்லை' என்பதுதான் அதிகாரபூர்வ பல்லவி. ஆடு, மாடுகளின் தைராய்டு சுரப்பிகளைச் சோதிக்கும் வேலை ஒருவரிடம் வந்தது. யாரிடம்? அதே ஹெட்லி மார்ஸ்டனிடம்!

தைராய்டு, அயோடினைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளும். நல்ல அயோடினா, கதிரியக்க அயோடினா என்று பேதம் பார்க்கத் தெரியாது. மார்ஸ்டன் சோதித்த சுரப்பிகளில் கதிரியக்க அயோடின் இருந்தது. சோதனைத் தளங்களிலிருந்து வெகுதூரத்தில் மேய்ந்தவற்றிலும்! அந்த அக்டோபரில், மராலிங்கா சோதனைத் தளத்துக்குச் சுமார் 800 கிலோமீட்டர் தள்ளியிருந்த அடிலெய்டு நகரத்துக் காற்றிலேயே கதிரியக்கத்தை அவரது கருவிகள் பதிவு செய்தன.

பாதுகாப்புக் கமிட்டிக்கும் அவருக்கும் மோதல் வெடித்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1958-ல்தான் அவரது ஆய்வு வெளியாயிற்று. 1965-ல் மார்ஸ்டன் இறந்துபோனார். அந்தச் சோதனைகளை விசாரிக்க ஆஸ்திரேலியா ராயல் கமிஷன் அமைத்தது 1984-ல்!

புல் பச்சையாகத்தான் இருந்தது. அறிக்கைகளும் 'எல்லாம் நலம்' என்றுதான் சொல்லின. அந்தப் புல்லைத் தின்ற ஆட்டுக்குத்தான் பொய் சொல்லத் தெரியவில்லை!