எச்சரிக்கும் உரிமை: போபால் பேரிடரும் தொழிற்சாலை அவசரகாலப் பயிற்சியின் வரலாறும்

முன்னுரை

நச்சுப்பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளில் அவசரகாலப் பயிற்சி என்பது முகமூடி அணிதல், தீயணைப்புக் கருவியை இயக்குதல், குறித்த இடத்தில் கூடுதல் ஆகியவற்றைக் கற்பிப்பதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆபத்தை முதலில் உணரும் தொழிலாளர், மேலிட ஒப்புதலுக்குக் காத்திராமல் அதனைப் பிறருக்கு அறிவிக்கலாமா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாவை மையமாகக் கொண்டு, 1984ஆம் ஆண்டுப் போபால் நச்சுவாயுப் பேரிடரையும் அதன்பின் உருவான சட்டங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பேரிடருக்கு முந்தைய நிலை

யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் போபால் ஆலை, செவின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்தது. அதற்குத் தேவையான மெத்தில் ஐசோசயனேட் 1980 முதல் அங்கேயே உற்பத்தி செய்யப்பட்டது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கித் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஆலையின் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதே ஆண்டில் இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி, நகருக்கு நேரவிருக்கும் ஆபத்து குறித்து இந்தி இதழில் எழுதினார். எச்சரிக்கைகள் இருந்தன, அவற்றைச் செயலாக்கும் அமைப்பு இல்லை.

பூச்சிக்கொல்லி விற்பனை சரிந்தபோது நிர்வாகம் செலவைக் குறைத்தது. மெத்தில் ஐசோசயனேட் பிரிவில் ஒரு பணிமுறைக்கு 12ஆக இருந்த இயக்குநர் எண்ணிக்கை 6ஆகக் குறைந்தது. பயிற்சிக் காலமும் சுருங்கியது. இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மொழியை நன்கறிந்த தொழிலாளர் சிலரே. இலாபம் குறையும்போது முதலில் வெட்டப்படும் செலவுகளுள் பயிற்சியும் ஒன்று என்பது இதனால் புலனாகிறது.

டிசம்பர் 2 இரவு

1984 டிசம்பர் 2 இரவு 610 எண் கொள்கலனுள் நீர் புகுந்து வெப்ப வேதிவினை தொடங்கியது. இரவு 11.30 மணியளவில் தொழிலாளர்கள் கண்ணெரிச்சலால் கசிவை உணர்ந்தனர். கண்ணெரிச்சலே அங்குக் கசிவைக் காட்டும் வழக்கமான அடையாளமாக இருந்தது. சிறு கசிவுகள் அன்றாட நிகழ்வாகிவிட்டமையால், தேநீர் இடைவேளைக்குப் பின் கவனிக்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் நிலைமை கட்டுமீறியது. குளிரூட்டும் அமைப்பு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. எரிகோபுரம் பழுதுபார்ப்பிற்காக இணைப்பு நீக்கப்பட்டிருந்தது. பீய்ச்சப்பட்ட நீர், வாயு வெளியேறிய குழாயின் உயரத்தை எட்டவில்லை. ஏறத்தாழ 40 டன் வாயு வெளியேறியது.

ஊருக்குக் கேட்கும் அபாயச்சங்கு சிறிது நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. ஆலைக்குள் மட்டும் கேட்கும் ஒலி தொடர்ந்தது. ஊரார் வீண் பதற்றம் அடைதல் கூடாது என்பதற்காக இரண்டும் முன்னரே பிரிக்கப்பட்டிருந்தன. தொழிலாளர்கள் காற்று வீசும் திசைக்கு எதிராக ஓடினர். அவர்களுள் பெரும்பாலோர் உயிர் தப்பினர். அருகிலிருந்த குடியிருப்புகளின் மக்களோ வாயு பரவிய திசையிலேயே ஓடினர். ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். உயிர்காக்கும் எளிய அறிவு ஆலையில் இருந்தது. அது மதிலைத் தாண்டவில்லை.

சட்டங்களில் நேர்ந்த மாற்றம்

1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. ஆபத்துகள் குறித்த தகவலையும் அவசரகாலத் திட்டத்தையும் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிப்பதை 41பி பிரிவு ஆலை உரிமையாளரின் கடமையாக்கியது. உடனடி ஆபத்தை எச்சரிக்கும் தொழிலாளரின் உரிமையை 41எச் பிரிவும், தகவலும் பயிற்சியும் பெறும் உரிமையை 111ஏ பிரிவும் வழங்கின. நிர்வாகத்தின் விருப்பமாக இருந்த பயிற்சி, தொழிலாளரின் உரிமையாயிற்று. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள் ஆலைக்குள்ளும் வெளியிலும் தனித்தனி அவசரகாலத் திட்டங்களைக் கோரின. 1996ஆம் ஆண்டு விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் நிலைகளில் நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தின.

போபாலின் தாக்கத்தால் அமெரிக்காவிலும் 1986இல் சமுதாயத்தின் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு அமைப்பின் 1989ஆம் ஆண்டு விதி, அவசரகாலத்தில் செயல்படுவோரின் பயிற்சியைப் படிநிலைகளாக வகுத்தது. முதற்படியில் உள்ளவரின் பணி கசிவை அடக்குவதன்று. அதனை இனங்கண்டு உடனே அறிவிப்பதாகும். எச்சரித்தலே பயிற்சியின் அடித்தளம் என்பதை இவ்வகுப்புமுறை வெளிப்படையாக ஏற்கிறது எனலாம்.

விசாகப்பட்டினம், 2020

சட்டம் வழங்கிய உரிமை நடைமுறையில் எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு 2020 மே 7 ஒரு சான்று. விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் பொதுமுடக்கக் காலத்தில் தேங்கிநின்ற ஸ்டைரீன் வெப்பமடைந்து கசிந்தது. 12 பேர் இறந்தனர். ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு, ஆலையில் அபாயச்சங்கு இருந்தும் அது ஒலிக்கப்படவில்லை எனக் கண்டறிந்தது. போபாலில் ஒலித்து அடங்கிய சங்கு, 35 ஆண்டுகளுக்குப் பின் ஒலிக்கவே இல்லை.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால், அவசரகாலப் பயிற்சியின் பயன் கற்பிக்கப்படும் செயல்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று என்பது தெளிவாகிறது. ஆபத்தை முதலில் காண்பவருக்கு அதனை அறிவிக்கும் அதிகாரமும் அறிவித்தமைக்காகத் தண்டிக்கப்படாத பாதுகாப்பும் வேண்டும். பணிப்பாதுகாப்பு அற்ற ஒப்பந்தத் தொழிலாளர் விசாரணைக்கு அஞ்சிச் சங்கை ஒலிக்கத் தயங்குவாராயின், அவருடைய பயிற்சிச் சான்றிதழ் பயனற்றதாகிவிடும். எனவே ஒத்திகைகளை ஆராய்வோர், தொழிலாளர்கள் எத்தனை நிமிடங்களில் வெளியேறினர் என்பதோடு, சங்கை முதலில் ஒலித்தவர் யார், யாரிடம் கேட்ட பின் ஒலித்தார் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.